தர்மாஸ்பத்திரியா, தனியாரா? ஆலங்குடி வீடு ஒன்றில் மூணு பிரசவம்

எங்க ஊர் ஆலங்குடின்னு சொன்னா, பத்துல ஒன்பது பேர் "குரு கோயில் இருக்கே, அதுவா?"ன்னு கேப்பாங்க. அது இல்லைங்க. அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. நான் சொல்றது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் போற பஸ்ல ஏறினா சுமார் இருபது கிலோமீட்டர். சுத்தி தென்னை, கடலை, பூந்தோட்டம்.

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. அரசு ஆஸ்பத்திரி நல்லதா, தனியார் நல்லதா? இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல என்னால முடியாது. ஆனா எங்க வீட்டுல நடந்த மூணு பிரசவத்தை வெச்சு, இந்த ரெண்டும் எப்படி உருவாச்சுன்னு சொல்ல முடியும். அந்த வரலாறு தெரிஞ்சா கேள்வியே கொஞ்சம் மாறிடும்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒரு வார்த்தை. எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் அரசு மருத்துவமனைன்னு சொன்னதே இல்லை. "தர்மாஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. தர்மத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடம். இந்த வார்த்தையை மனசுல வெச்சுக்கோங்க. திரும்பத் திரும்ப இதுக்கு வருவோம்.

அப்பத்தா: வீட்டுத் திண்ணைக்குப் பின்னாடி

அப்பத்தா ஏழு பிள்ளை பெத்தாங்க. ஏழும் வீட்டுல. ஊர்ல ஒரு மருத்துவச்சி இருந்தாங்க, அவங்கதான் பார்த்தது. ஏழுல அஞ்சு தங்குச்சு. இதைச் சொல்லும்போது அப்பத்தா முகத்துல பெரிய மாற்றம் எதுவும் இருக்காது. அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் இந்தக் கணக்கு இருந்தது.

அப்போ ஆஸ்பத்திரியே இல்லையான்னா, இருந்தது. ஆனா யாருக்காக இருந்ததுங்கிறதுதான் கேள்வி. 1664-ல சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள கிழக்கிந்திய கம்பெனி ஒரு மருத்துவமனை ஆரம்பிச்சது. இன்னைக்கு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல நிக்கிற பெரியாஸ்பத்திரியோட தொடக்கம் அதுதான். அது கம்பெனி சிப்பாய்களுக்காக ஆரம்பிச்ச இடம். ஊர் ஜனங்களுக்கு அதோட கதவு திறக்கப் பல காலம் ஆச்சு. அப்படித் திறந்தபோதும் அது ஒரு கருணையாத்தான் திறந்தது. கம்பெனி கொடுத்தாலும் சரி, ராஜா கொடுத்தாலும் சரி, வாங்குற ஜனத்துக்கு அது தர்மம். "தர்மாஸ்பத்திரி"ங்கிற வார்த்தையோட வேர் இங்கதான் இருக்கு.

எங்க பக்கம் ராஜா ஆட்சி. புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானத்துல மூணு தாலுகா: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். அந்தச் சமஸ்தானத்துலதான் 1886-ல முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், அம்மா சந்திரம்மாள். அம்மா இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். பசங்க மட்டும் படிச்ச மன்னர் கல்லூரியில ஒரு பெண் சேரணும்னப்போ ஊர்ல எதிர்ப்பு வந்தது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907-ல சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்து 1912-ல டாக்டராகி வெளிய வந்தார். பின்னாடி சட்டமன்ற மேலவைக்குப் போனதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினதும், 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கையோட தொடங்கினதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இதுல ஒண்ணை கவனிங்க. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அரசாங்கத்தோடதும் இல்லை, லாபத்துக்கு நடக்கிற தனியாரும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மாதிரி அதுவும் மூணாவது வகை. தமிழ்நாட்டு மருத்துவத்தை அரசு, தனியார்னு ரெண்டாப் பிரிச்சுப் பேசும்போது இந்த மூணாவது வகையை மறந்துடுறோம்.

முத்துலட்சுமி ரெட்டி பெயர் எங்க ஊர்ல இன்னைக்கும் தினம் தினம் புழங்குது. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு கொடுக்கிற மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயர்லதான் இருக்கு. 2006-ல 6,000 ரூபாய், 2011-ல 12,000, 2018-ல 18,000. எங்க தெருவுல "முத்துலட்சுமி பணம் வந்துருச்சா?"ன்னுதான் கேப்பாங்க. அந்தப் பெயர் நம்ம மாவட்டத்துல பிறந்த ஒரு பொண்ணோடதுன்னு கேக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

நடுவுல ஒரு அறிக்கை

1943-ல, யுத்தம் நடந்துக்கிட்டு இருந்தப்பவே, பிரிட்டிஷ் இந்திய அரசு சர் ஜோசப் போர் தலைமையில ஒரு குழுவைப் போட்டது. அதுல நம்ம ஆள் ஒருத்தர் இருந்தார்: டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா கால் நூற்றாண்டுக்கு மேல இருந்தவர்.

1946-ல அந்த அறிக்கை வந்தது. அதோட அடிப்படை ரொம்ப எளிமையானது. பணம் கட்ட முடியலைங்கிற காரணத்தால எவருக்கும் தேவையான வைத்தியம் கிடைக்காமப் போகக்கூடாது. உடனடித் திட்டமா 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். நீண்ட காலத் திட்டமா பத்தாயிரத்துல இருந்து இருபதாயிரம் பேருக்கு 75 படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி. ஆமா, 75 படுக்கை! இன்னைக்கும் நம்ம கிராமப்புறத்துல அந்த அளவை நெருங்கலை.

ஆனா அந்த அறிக்கை ஒரு வேலையைச் செஞ்சது. தர்மம்னு இருந்ததைக் கடமைன்னு எழுதி வெச்சது. 1948 மார்ச்ல புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோட இணைஞ்சது. அதே வருஷம் ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்துல வரிப்பணத்துல நடக்கிற என்.எச்.எஸ். தொடங்குச்சு. அங்க ஒரே நாள்ல நாடு முழுக்க வந்தது. இங்க 1952-ல இருந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் மெல்ல மெல்ல, ஒண்ணொண்ணா வந்தது. ரெண்டு நாட்டுலயும் எண்ணம் ஒண்ணுதான். பணம் போட்ட அளவுதான் வேற. இந்தியாவுல மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செலவழிச்சது பல பத்தாண்டுகளா மொத்த உள்நாட்டு உற்பத்தியில ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கைதான் 2025-க்குள்ள 2.5 சதவீதம்னு இலக்கு வெச்சது.

அம்மா: 1991

நான் பிறந்தது 1991-ல, ஒரு அரசு ஆஸ்பத்திரியில. எங்க குடும்பத்துல ஆஸ்பத்திரியில பிறந்த முதல் பிள்ளை நான்தான்.

அம்மா அந்த ராத்திரியைப் பத்தி ரெண்டு விஷயம் சொல்வாங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்வாங்க. ஒண்ணு, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிக்கலை. டியூட்டியில இருந்த டாக்டரம்மா விடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னு காப்பாத்தினாங்க. ரெண்டு, வலியில கத்தினதுக்கு அங்க இருந்த ஒரு அம்மா திட்டின திட்டு. அதை இங்க சொல்ல முடியாது. காலையில என்னைத் துணியில சுத்தி வெளிய கொண்டுவந்து காட்டினதுக்கு ஒரு ரேட். பையன்னா கூட, பொண்ணுன்னா கம்மி. நடுராத்திரி ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து "இந்த மருந்து ஸ்டாக் இல்லை, வெளிய வாங்கிட்டு வாங்க"ன்னு அப்பாவை அனுப்பினாங்க. அப்பா சைக்கிள்ல போய் மெடிக்கல் கடைக்காரரை எழுப்பி வாங்கிட்டு வந்தார்.

உயிரைக் காப்பாத்தினதும் அங்கதான். மானத்தை வாங்கினதும் அங்கதான். அரசு ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசும்போது இதுல ஒண்ணை மட்டும் சொல்றவங்களை நான் நம்புறதில்லை.

அந்த மருந்துச் சீட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. 1994-ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாச்சு. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கே சேர்த்து ஒரே டெண்டர், தர ஆய்வு, மாவட்டக் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு புத்தகம். அதுல இருக்கிற தொகைக்கு எந்த மருந்து வேணுமோ அதை எடுத்துக்கலாம். மொத்தமா வாங்கினதால விலை சரிஞ்சது. வேற மாநிலங்கள் வந்து பார்த்து இதே முறையை எடுத்துக்கிட்டாங்க. எங்க அப்பா ராத்திரி சைக்கிள் மிதிச்ச மாதிரி இன்னொரு அப்பா மிதிக்க வேண்டாம்னு ஆக்கினது இப்படி ஒரு கிடங்குக் கணக்கு. கேட்க சுவாரசியமா இல்லைதான். ஆனா பொது மருத்துவம் உயிர் பிழைக்கிறது இந்த மாதிரி சுவாரசியமில்லாத வேலைகளால.

இன்னொரு விஷயமும் அந்தக் காலத்துல எங்க மாவட்டத்துல நடந்தது. அறிவொளி இயக்கம். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பின்னாடி இவரே தமிழக சுகாதாரத் துறைச் செயலாளர் ஆனார். பிரசவத்துல ஒரு தாய் இறந்தா அது ஏன் நடந்ததுன்னு ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கிற முறை, ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற முறை, இதெல்லாம் 2000-களில் வலுப்பட்டது. பலன் என்ன? 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் இந்தியாவுல 97, தமிழ்நாட்டுல 54. இன்னைக்கு நம்ம மாநிலத்துல வீட்டுல நடக்கிற பிரசவம் நூத்துல ஒண்ணுகூட இல்லை. அப்பத்தாவோட ஏழுல அஞ்சு கணக்கை நினைச்சுப் பாருங்க.

தனியார் எங்கிருந்து வந்தது?

தனியார் வைத்தியம் எப்பவும் இருந்தது. நம்ம ஊர் நாட்டு வைத்தியர், ஒத்தை ரூம் கிளினிக் டாக்டர், எல்லாருமே தனியார்தான். ஆனா பங்கு போட்டு, கம்பெனியா நடத்துற ஆஸ்பத்திரிங்கிறது புதுசு. 1983-ல சென்னை கிரீம்ஸ் சாலையில டாக்டர் பிரதாப் ரெட்டி தொடங்கின அப்பல்லோவைத்தான் இந்தியாவோட முதல் கார்ப்பரேட் மருத்துவமனைன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்னு பெரிய ஆஸ்பத்திரிகள் பரவுச்சு. எங்க ஊர் மாதிரி தாலுகா ஊர்ல நர்சிங் ஹோம், ஸ்கேன் சென்டர், லேப்.

ஒரு வேடிக்கை பாருங்க. தமிழ்நாட்டுல அரசு டாக்டர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்துல தனியா பிராக்டிஸ் பண்ணலாம். அதனால காலையில ஜி.எச்.ல ஒரு நிமிஷம் பார்த்த அதே டாக்டரை, சாயங்காலம் அவர் கிளினிக்ல காசு கொடுத்துப் பத்து நிமிஷம் பார்க்கலாம். டாக்டர் ஒருத்தர்தான். படிப்பும் ஒண்ணுதான், பெரும்பாலும் அரசுக் கல்லூரியில நம்ம வரிப்பணத்துல படிச்ச படிப்பு. அப்போ காசு கொடுத்து நாம வாங்குறது என்ன? அந்த ஒன்பது நிமிஷம். "உக்காருங்கம்மா"ங்கிற ஒரு வார்த்தை. தாழ்ப்பாள் இருக்கிற கக்கூஸ்.

இதைக் கேலி பண்ணலை. அம்மா 1991-ல பட்டதுக்கு அப்புறம் அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வேணும்னாலும் கொடுக்கலாம்னு தோணும். தோணுச்சு.

அக்கா: 2019

2018 நவம்பர் 16. கஜா புயல். எங்க தென்னை எல்லாம் வேரோட சாஞ்சது. அடுத்த வருஷம் அக்காவுக்குப் பிரசவம். கையில காசு இல்லை. இருந்தும் அம்மா ஒரே பிடியா நின்னாங்க: "தர்மாஸ்பத்திரியில போட்டு எம்மக திட்டு வாங்க வேணாம்." அப்பா, "ஜி.எச்.லயும் இப்ப எல்லாம் நல்லாத்தான் பார்க்கிறாங்க"ன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில பேச்சு முடிஞ்சது. தோடும் செயினும் அடகுக்குப் போச்சு.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நல்லாத்தான் பார்த்தாங்க. தனி ரூம், மாமாவை உள்ள விட்டாங்க, எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாங்க. ராத்திரி சிசேரியன்னு முடிவாச்சு. அது தேவையா, தேவையில்லையான்னு எனக்குத் தெரியாது. அந்த நேரத்துல யாராலயும் எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாது. தனியார் மருத்துவத்தோட அடிப்படைச் சிக்கலே இதுதான். கடையில சட்டை வாங்குற மாதிரி இல்லை. எது தேவைன்னு சொல்றவரும், அதை விக்கிறவரும் ஒருத்தரே.

மொத்தக் கணக்கா பார்த்தா ஒரு வடிவம் தெரியுது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரி பிரசவத்துல சுமார் 64 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில 36 சதவீதம். ஒரு சமூகத்துல சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டினா, அதனால தாய் சேய் மரணம் மேலும் குறையறதாத் தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது. சிக்கலான கேஸ் எல்லாம் அரசுக்குத்தான் வருதுங்கிறதையும் சேர்த்து நினைங்க. அப்படி வந்தும் அங்க 36. ஆனா அந்த 36-ம் சின்ன எண் இல்லை.

சரி, கதைக்கு வர்றேன். குழந்தை பிறந்து கொஞ்ச நேரத்துல மூச்சுத் திணறல். அங்க அதுக்கான வசதி இல்லை. "உடனே அரசு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க"ன்னாங்க. அவங்க சொன்னது சரியான முடிவு, அதுல எனக்குக் குறை இல்லை. 108 வந்தது. அக்கா தையலோட இங்க, குழந்தை அங்க. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல பதினோரு நாள். யாரும் அட்வான்ஸ் கேட்கலை. பன்னிரண்டாவது நாள் குழந்தை வீட்டுக்கு வந்தா. இப்ப ஸ்கூலுக்குப் போறா.

அந்தப் பதினோரு நாளும் அம்மா வராண்டாவுல ஒரு பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. எந்த இடத்துக்கு வரமாட்டேன்னு நகையை வெச்சாங்களோ, அதே மாதிரி இடத்துல. ஒரு ராத்திரி சொன்னாங்க: "கடைசில தர்மாஸ்பத்திரிதான்டா காப்பாத்துச்சு."

கதவை மூட முடியாத இடம்

அந்த வார்த்தைதான் என்னை இந்த எபிசோடுக்குக் கொண்டு வந்தது. ஏன்னா அது தர்மம் இல்லை. அப்படி ஆக்கறதுக்கு ஒருத்தர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

1992 ஜூலை. மேற்கு வங்கத்துல ஹக்கீம் ஷேக்னு ஒரு விவசாயத் தொழிலாளி ரயில்ல இருந்து விழுந்து தலையில பலத்த அடி. ஒண்ணு மாத்தி ஒண்ணு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. படுக்கை இல்லை, வசதி இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. கடைசியில தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்து சுமார் 17,000 ரூபாய் செலவழிச்சுப் பிழைச்சார். எங்க வீட்டுக் கதைக்கு நேர் எதிர், பார்த்தீங்களா? அவரும் அவர் சங்கமும் வழக்குப் போட்டாங்க. 1996-ல உச்ச நீதிமன்றம் சொன்னது: அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுத்தா, அது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தர்ற வாழும் உரிமையை மீறுறது. பணம் இல்லைன்னு அரசு சாக்கு சொல்ல முடியாது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. அதுக்கு முன்னாடி 1989-ல பரமானந்த் கட்டாரா வழக்குல, அரசோ தனியாரோ, எந்த டாக்டரும் உயிரைக் காப்பாத்துறதுதான் முதல் கடமைன்னு அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஆக, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் டாக்டர் இல்லை, மருந்தும் இல்லை. அவசரத்துல முதலுதவி ரெண்டு பேருக்கும் கடமை. அதுக்கு மேல தனியார் "இது எங்களால முடியாது, வேற இடம் பாருங்க"ன்னு சொல்லலாம், "பணம் கட்டுங்க"ன்னு சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரி சொல்லக்கூடாது. எல்லாக் கதவும் மூடினதுக்கு அப்புறம் திறந்திருக்க வேண்டிய கதவு அது. அந்தக் கதவு திறந்திருக்கிறதாலதான் மத்த கதவுகளாலயும் நிம்மதியா இருக்க முடியுது.

காப்பீடு வந்துருச்சேன்னு கேப்பீங்க. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். அரசுப் பணத்துல தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். பல உயிர் பிழைச்சிருக்கு, மறுக்கலை. ஆனா காப்பீடு பில்லைத்தான் கட்டும். ஆலங்குடியில குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு வேணுமா, வேண்டாமான்னு அது முடிவு பண்ணாது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வுல, பிரசவம் தவிர்த்து ஒரு தடவை ஆஸ்பத்திரியில படுத்தா ஆகிற சராசரி மருத்துவச் செலவு அரசுல 4,452 ரூபாய், தனியார்ல 31,845. ஏழு மடங்கு.

கடைசியா ஒண்ணு, இது எனக்கும் சேர்த்து. நான் இப்ப சென்னையில வேலை பார்க்கிறேன். கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு பர்ஸ்ல இருக்கு. காய்ச்சல்னா ஜி.எச். பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கிறதில்லை. உங்கள்ல நிறைய பேரும் அப்படித்தான் இருப்பீங்க. படிச்சவங்க, ஆன்லைன்ல புகார் எழுதத் தெரிஞ்சவங்க, கலெக்டருக்கு மனு போடத் தெரிஞ்சவங்க எல்லாரும் அந்த வரிசையில இருந்து வெளிய வந்துட்டோம். வரிசையில மிச்சம் இருக்கிறது யாரு? "தர்மத்துக்குப் பார்க்கிறாங்க, நாம என்ன கேக்கிறது"ன்னு நினைக்கிற எங்க அப்பத்தா மாதிரி ஆட்கள். திட்டினா வாங்கிக்கிறவங்க. அம்மாவை 1991-ல திட்டினதுக்கு ஒரு காரணம், திட்டினா கேக்க ஆள் இல்லைங்கிற தைரியம்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுக்குப் போன் பண்ணி அப்பத்தா, அம்மா, அக்கா ஒவ்வொருத்தரும் எங்க பிள்ளை பெத்தாங்கன்னு கேளுங்க. யார் காப்பாத்தினாங்க, யார் திட்டினாங்க, எவ்வளவு ஆச்சுன்னு கேளுங்க. உங்க குடும்பத்துலயே தமிழ்நாட்டு மருத்துவ வரலாறு முழுசா இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, சின்னக் காய்ச்சலுக்காவது உங்க ஊர் ஜி.எச்.ல போய் ஒரு ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில நில்லுங்க. நானும் தீபாவளிக்குப் போறப்போ நிக்கப் போறேன். அங்க சரியில்லாத ஒண்ணைப் பார்த்தா கேளுங்க. நாம கேக்கிறது பிச்சை இல்லை.

அம்மாகிட்ட இந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டாங்க. "எல்லாம் சரிதான். ஆனா அந்த டாக்டரம்மா பேரைக் கேட்டு வெச்சுக்காம விட்டுட்டேன்டா"ன்னாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.